இரண்டாவது கோப்பை டீ

விருத்தாசலம்,
15.7.1971

டில்லிவரைக்கும் போய்விட்ட என் வீட்டுக்காரிக்கு,

தோத்திரம். நான் சுகமாக இல்லை. பொறாமையில் வேகிற வேக்காட்டுக்கு, என்னைத் தூக்கி உள்ளே வைத்தால் நம் செராமிக் சூளைக்கு நெருப்பே வேண்டாம்.

எல்லாம் பின்கட்டில் நீ குடிவைத்த, இலங்கையிலிருந்து அனுப்பப்பட்ட சந்தியாகுவால்தான். இருபது வருஷத்தில் எனக்காக நீ எதிர்வீட்டில்கூடப் பரிந்து பேசியதில்லை. அவனுக்காக ஆயரின் குழுவோடு மந்திரியையே பார்க்கப் போய்விட்டாய். புருஷனை இங்கே அனுப்பிவிட்டுப் பெண்சாதியை அங்கேயே நிறுத்துகிற ஒப்பந்தத்தை மாற்றச் சொல்லி மனுவாம். நான் பட்டறையிலிருந்து கொண்டுவந்த பூப்போட்ட கோப்பை இரண்டும் அவனுக்கு. எனக்கு நசுங்கின தம்ளர்.

தினமும் அவன் இரண்டிலும் டீ ஊற்றுவான். எதிர்வீட்டு ராஜம்மாள் வேறு, "அண்ணே, ஒங்க வூட்டம்மா அந்த டீயை எப்படிப் புகழ்றாங்க தெரியுமா?" என்று பற்றவைத்தாள். அன்றைக்கு எனக்கு மூன்றாம் தடவை போட்டுக்கொண்ட சோறு இறங்கவில்லை.

நீ ஊரில் இல்லாத நேற்றும் இரண்டு கோப்பையில் ஊற்றினான். பாய்ந்துவிட்டேன். "அவதான் டில்லியில இருக்குறாளே, இது யாருக்குய்யா?"

"எம் பொஞ்சாதிக்குங்க. ஹட்டன் தேயிலைத் தோட்டத்துல இந்நேரம் கொழுந்துக் கூடையை எறக்கி வச்சிருப்பா."

ஆறிப்போனதும் அதையும் அவனே குடித்தான்.

மந்திரி மசியாவிட்டால் வாசலிலேயே உட்கார்ந்துகொள். அந்தப் பெண் வந்தே ஆகவேண்டும்.

இப்போது என் பொறாமையெல்லாம் அவள்மேல். நான் கடலுக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டால், எனக்கென்று ஒரு கோப்பை ஊற்றி வைப்பாயா? உடனே பதில் எழுது. பொய்யாக இருந்தாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
நசுங்கின தம்ளரோடு காத்திருக்கும்
உன் வீட்டுக்காரன்