கம்பெனிக்காரர்களுக்குக் காட்டிய தண்ணீர்

இயேசு மரி சூசை

திருக்காட்டுப்பள்ளி,
4.9.1999

அன்புள்ள தங்கச்சி இருதயத்துக்கு, அக்கா அமலோற்பவம் எழுதிக்கொண்டது. ஆற்றில் குளித்துவிட்டு வந்து எழுதுகிறேன். நானும் உன் அத்தானும் குழந்தைராஜும் சுகம். உங்கள் சுகத்துக்கு மாதாவை வேண்டிக்கொள்கிறேன்.

நீ அனுப்பிய போட்டோ வந்தது. மச்சு வீடு, வாசலில் பைக், கார் கம்பெனிச் சட்டையில் உன் மகன் சவரிராஜ். நாலு பேரிடம் காட்டிப் பெருமை பேசிவிட்டுப் பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டேன். உன்னிடம் மறைப்பானேன், வயிறு எரிகிறது. உன்னை ஸ்ரீபெரும்புதூர் பக்கம் அந்த வறண்ட கரம்பில் கட்டிக்கொடுத்தபோது ஐயோ பாவம் என்று அழுதவள் நான். இன்று அந்தக் கரம்பில் கார் செய்கிறார்கள். முப்போகம் கண்ட ஊரில் என் மகன் ஐ.டி.ஐ. படித்துவிட்டு வரப்பில் உட்கார்ந்திருக்கிறான்.

அதே கம்பெனி இரண்டாவது ஆலை கட்டப்போகிறதாம். உங்கள் பக்கமா, எங்கள் பக்கமா என்று முடிவாகவில்லை என்று மந்திரி தஞ்சாவூர்க் கூட்டத்தில் சொல்லிவிட்டுப் போனார். அடுத்த மாதம் இடம் பார்க்க வருகிறார்கள். நிலம் போனால் கூலியாட்கள் கதி என்ன என்று சிவப்புக்கொடிக்காரர்கள் சாலை மறியல் செய்கிறார்கள். நான் உன் அத்தானைப் பேசிப் பேசி நிலத்தைக் கொடுக்கச் சம்மதிக்க வைத்திருக்கிறேன். இங்கே வந்தால் குழந்தைராஜுக்கு வேலை உண்டு. உங்கள் ஊருக்கு வந்தபோது எதைப் பார்த்தார்கள் என்று உடனே எழுது.

அன்பு அக்கா,
அமலோற்பவம்


ஸ்ரீபெரும்புதூர் பக்கம்,
16.9.1999

அன்பு அக்காவுக்கு, தங்கை இருதயம்மாள் எழுதுவது. கடிதம் கிடைத்தது.

வயிறு எரிகிறது என்று எழுதியிருந்தாய், சிரித்தேன். மச்சு வீட்டுக்குக் குடிதண்ணீர் லாரியில் வருகிறது. அது போட்டோவில் விழவில்லை. சவரிராஜ் இன்னும் காண்ட்ராக்ட்தான். இரண்டாவது ஆலையும் இங்கேயே கட்டினால் நிரந்தரம் செய்வதாகச் சூப்பர்வைசர் சொல்லியிருக்கிறார். நாங்களும் அதற்குத்தான் காத்திருக்கிறோம்.

இருந்தாலும் நீ கேட்டுவிட்டாய். அவர்கள் முதலில் பார்ப்பது தண்ணீர். கழுவ, பெயிண்ட் அடிக்க, எல்லாவற்றுக்கும் தண்ணீர் வேண்டும். அவர்கள் வருகிற அன்று வாய்க்கால் நிறைய ஓடட்டும், வயல் ததும்பட்டும். அத்தானுக்கு என் வணக்கம்.

தங்கை,
இருதயம்மாள்


திருக்காட்டுப்பள்ளி,
25.10.1999

அன்புள்ள இருதயத்துக்கு,

வந்தார்கள், பார்த்தார்கள், போய்விட்டார்கள். நீ எழுதியபடியே மடை பார்க்கும் துரைக்கண்ணுவிடம் போய்க் கெஞ்சினேன். "நடவு நட்டு பத்து நாள்தாம்மா ஆவுது, பயிர் அழுவிடும்" என்றார். "அழுவினா அழுவட்டும், நம்ம ஊருக்கு காரு கம்பெனி வரப்போவுதுங்க" என்றேன். இரண்டு முறைக்கு விடும் தண்ணீரை ஒரே நாளில் சேர்த்து விட்டார். காய்ந்து கிடக்கும் பழைய செங்கல் சூளை மேடு கண்ணில் படக்கூடாது என்று அந்தப் பாதையை முள் போட்டு அடைத்தோம். விருந்தாளிக்கு யாராவது கரம்பைக் காட்டுவார்களா?

ஜீப் பாதி வழியில் சேற்றில் இறங்கிவிட்டது. ஒருவர் இரும்புக் கம்பியை வயலில் குத்தினார், பிடி வரைக்கும் போனது. "இதுல மெஷின் நிக்காதும்மா. காஞ்ச மேடு ஏதும் இருக்குங்களா?" என்று கேட்டார். "எங்க ஊர்ல அப்படி ஒரு இடமே கிடையாதுங்க" என்று உன் அத்தான் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார்.

ஆலை உங்களுக்கே என்று நேற்றுப் பேப்பரில் போட்டுவிட்டான். சவரிராஜுக்கு நிரந்தரம் ஆகும், சந்தோஷம். எழுதிவிட்டேன், மனதில் எப்போது வருமோ தெரியாது. குழந்தைராஜை உன்னிடம் அனுப்புகிறேன். ஒரு காண்ட்ராக்ட் வேலையாவது கேட்டு வாங்கிக்கொடு. நீ நல்ல மனதோடுதான் யோசனை சொன்னாய். எங்களுக்குக் கொடுத்துவைக்கவில்லை.

அக்கா


ஸ்ரீபெரும்புதூர் பக்கம்,
20.11.1999

அக்கா,

குழந்தைராஜ் நல்லபடியாக வந்து சேர்ந்தான். "சித்தி, அம்மா குடுத்துவிட்டாங்க" என்று அரிசி மூட்டையை இறக்கினான். அந்த மூட்டையை நான் இன்னும் அவிழ்க்கவில்லை.

இங்கே இடம் பார்க்க வந்தபோதும் கம்பியைக் குத்தினார்கள். ஒரு சாண்கூட இறங்கவில்லை. அதைப் பார்த்துத்தான் ஒருவருக்கொருவர் கைகொடுத்துக்கொண்டார்கள். தண்ணீரைக் குழாயில் கொண்டுவந்துவிடலாம் என்றார்கள். இவ்வளவையும் பக்கத்தில் நின்று பார்த்தவள் நான். தெரிந்தேதான் உனக்கு அப்படி எழுதினேன்.

சவரிராஜுக்காகச் செய்தேன் என்று சொல்லலாம். அது பாதிதான். ஆறும் உன்னிடம் இருந்து, ஆலையும் உன்னிடம் வந்துவிட்டால் எனக்கு என்ன இருக்கிறது என்று தோன்றியது. ஆற்றில் குளித்துவிட்டு வந்து எழுதுகிறேன் என்று நீ எழுதுவாயே, இருபத்திரண்டு வருஷமாக அந்த வரியைப் பல்லைக் கடித்துக்கொண்டுதான் படிக்கிறேன். கோயிலில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொன்னேன். அக்காவிடம் போய்ச் சொல் என்றார்.

இருதயம்மாள்


திருக்காட்டுப்பள்ளி,
8.12.1999

இருதயத்துக்கு,

முதல் தடவை படித்ததும் கடிதத்தை அடுப்பில் போட எழுந்தேன். உன் அத்தானிடம் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த பஸ்ஸில் வந்து பையனை அழைத்துக்கொண்டு போய்விடுவார். எங்கள் பயிரோடு துரைக்கண்ணுவின் பயிரும் அழுகிவிட்டது. அவர் எதிரே வந்தால் நான் வேறு தெருவில் திரும்பிக்கொள்கிறேன்.

இரண்டாம் தடவை படித்தபோது, பல்லைக் கடித்துக்கொண்டு என்று எழுதிய இடத்தில் நின்றுவிட்டேன். என்னைப் பார்த்தும் ஒருத்தி இத்தனை வருஷம் பொறாமைப்பட்டிருக்கிறாள். அது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இப்படி ஒரு சந்தோஷமா என்று வெட்கமாகவும் இருக்கிறது.

குழந்தைராஜ் உன்னிடமே இருக்கட்டும். நீ செய்ததை அவனிடம் சொல்லாதே, அவனுக்கு நீ சித்தியாகவே இரு. கிறிஸ்துமஸுக்கு நீ வர வேண்டாம். அடுத்த வருஷம் பார்க்கலாம்.

இன்று அமலோற்பவ மாதா திருநாள், என் பெயர்த் திருநாள். ஆறு இரண்டு கரையும் தொட்டுப் போகிறது. வெகுநேரம் குளித்துவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன்.

அமலோற்பவம்