முந்திரி இருந்த இடம்

தூக்குவாளிப் பிடியில் ஸ்பூன் கட்டி அனுப்பிய என் அக்கா பாக்கியத்துக்கு,

இந்தத் தையில் நான் பொங்கல் வைத்தேன். சிரிக்காதே. எழுபத்து நாலு வயதில், முழங்கால் இரண்டும் போன பிறகு, மொட்டை மாடிக்கு ஏறி அடுப்பு மூட்டி வைத்தேன். சபை மூப்பர் மகள் ஞானம்மாவேதான். நம் அப்பா எதை அஞ்ஞானிகள் பண்டிகை என்று பேர் சொல்லக்கூட விடமாட்டாரோ, அதே பண்டிகையைத்தான்.

நீ கண்ணை மூடி இரண்டு மழைக்காலம் முடிந்துவிட்டது. இந்தக் கடிதத்தை நான் அப்போதே எழுதியிருக்க வேண்டும். ஆனால் உன்மேல் இருந்த கோபம் உன்னோடு சேர்ந்து போகவில்லை அக்கா. அது இங்கேயே என்னோடு தங்கிவிட்டது. இப்போது எழுத உட்கார்ந்தும் இரண்டு தரம் எழுந்துபோய் அடுப்பைப் பார்த்துவிட்டு வந்தேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

நாலாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது உனக்குத் தெரியும். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள். ஞாபகத்தில் பிழை இருக்காது. நீ வீட்டை விட்டுப் போன அன்று என்ன உடுத்தியிருந்தாய் என்பது உனக்கே மறந்திருக்கும். பர்மாக்காரிகள் மாதிரி பச்சைக் கட்டம் போட்ட லுங்கி, வெள்ளைச் சட்டை, கன்னம் இரண்டிலும் தனக்கா மரப்பட்டை அரைத்த பூச்சு. சபைக் கோயிலுக்குப் பூ கொடுத்துவிட்டு வருகிறேன் என்றாய். போனது துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய மாணிக்கம் அத்தான் வீட்டுக்கு. அவர் வீட்டுச் சுவரில் முருகன் படம், நம் வீட்டுச் சுவரில் சிலுவை. அப்பாவுக்கு அது ஒன்றே போதும்.

எனக்கு அதனால் கோபம் இல்லை. நீ போன மூன்றாம் நாள் மோல்மீன் ஊரிலிருந்து எனக்குப் பேசியிருந்த மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். காப்பிக் கோப்பையைத் தொடவில்லை. "மூத்தது போன வழியிலதானே இளையதும் போகும்" என்று அந்தத் தாய் சொல்லிவிட்டு எழுந்தாள். மாப்பிள்ளையை நான் ஒரே ஒரு முறை பார்த்திருந்தேன். சிரித்தால் முன்பல் இரண்டுக்கும் நடுவில் சந்து தெரியும். அதற்காகவே எனக்கு அவரைப் பிடித்திருந்தது. நீ கேட்கவே இல்லையே, நான் யாரிடம் சொல்வது?

அப்புறம் அப்பா என்னை வீட்டில் சும்மா வைத்திருக்கவில்லை. லத்தா பேட்டையில் நமக்குச் சொந்தக்காரர் நடத்திய டீக்கடையில், பால் அண்டா முன்னால் நிறுத்தினார். கல்யாணம் ஆகி, பிள்ளை பெற்று, புருஷனையும் கல்லறைக்கு அனுப்பிவைத்த பிறகும் அங்கேயேதான் நின்றேன். முப்பத்தொரு வருஷம். என் வேலை ஒன்றே ஒன்று, பால் பொங்கி வழியாமல் பார்த்துக்கொள்வது.

நீ போன மறு தையிலிருந்து பொங்கலன்று காலையில் பித்தளைத் தூக்குவாளி வர ஆரம்பித்தது. முதலில் அத்தான் கொண்டுவந்து படிக்குக் கீழே மாட்டிவிட்டுப் போவார். பிறகு நீ. பிறகு உன் மகள் தங்கம், பத்து வயதிலேயே, உங்கள் தின்கன்ஜூன் வீட்டிலிருந்து தனியாகப் பஸ் ஏறி. "விக்கிரகத்துக்குப் படைச்சது, திருப்பிக் குடு" என்பார் அப்பா. அவர் இருந்தவரை அவர் சொன்னார். அவர் போன பிறகு அதையே நான் சொன்னேன். ஆண்டவருக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

முதல்முறை வந்தபோது தங்கம் மூச்சு வாங்க நின்று, "சித்தி, நடுவுல இருக்கிற முந்திரி நான் வச்சது" என்றாள். மூடியைத் திறந்தே காட்டினாள். வழவழவென்று தடவிவிட்ட பொங்கலின் நட்டநடுவில் ஒரே ஒரு முழு முந்திரி. "கொண்டு போ" என்று கதவைச் சாத்தினேன். அவள் படி இறங்கும் சத்தம் கடைசிப் படி வரைக்கும் கேட்டது. இதை எழுதுகிற கை என்னுடையதுதான், சாத்தின கையும் இதுதான்.

அப்பா செத்த வருஷம் நடந்ததை நான் யாரிடமும் சொன்னதில்லை. தங்கத்துக்கு அப்போது பதினாறு. அவளைப் படியில் நிற்கவைத்துவிட்டுத் தூக்குவாளியை உள்ளே எடுத்துப் போனேன். திறந்தேன். ஒரு ஸ்பூன். ஒரே ஒரு ஸ்பூன்தான் அக்கா. நடுவில் இருந்த முந்திரியும் அதோடு வாய்க்குள் போய்விட்டது. அந்த இடத்தை ஸ்பூனின் முதுகால் தடவிச் சமப்படுத்தி, மூடி, "கொண்டு போ" என்று எப்போதும்போலச் சொன்னேன்.

மறு தை வந்த தூக்குவாளியின் பிடியில் வெள்ளை நூலால் ஒரு ஸ்பூன் கட்டியிருந்தது. ஒரு சொல் இல்லை, ஒரு சீட்டு இல்லை. எனக்கு எப்படிக் கோபம் வந்தது தெரியுமா? அன்றிலிருந்து நீ ஸ்பூன் கட்டாத வருஷம் இல்லை, நான் ஸ்பூனோடு திருப்பி அனுப்பாத வருஷமும் இல்லை. நீ ஏன் ஒரு நாளாவது வந்து என்னைத் திட்டவில்லை? திட்டியிருந்தால் நானும் திட்டியிருப்பேன். மோல்மீன் கதையை எடுத்திருப்பேன். அதோடு முடிந்திருக்குமே.

உன்னை எடுத்த அன்று மழையில் தின்கன்ஜூன் வந்தேன். கேட்டுக்கு வெளியிலேயே நின்றேன். உள்ளே மேளம், ஊதுபத்தி, உன் பர்மாக்கார மருமகனின் ஆட்கள். தங்கம் வந்தாள். கையில் அந்தத் தூக்குவாளி, பிடியில் ஸ்பூன். "இத நீங்களே வச்சிக்குங்க டோலே. இனிமே தூக்கிட்டு வர ஆளில்ல" என்றாள். டோலே என்றால் பர்மாக்காரர்கள் சித்தியைக் கூப்பிடுவது. முறை ஒன்றுதான். ஆனால் தெருவில் காய் விற்கிறவளையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். கேட்டைச் சாத்தினாள். உன் முகத்தை நான் பார்க்கவில்லை.

அது என் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. புழங்கவும் முடியவில்லை, தூக்கிப் போடவும் முடியவில்லை. போன தையில், காலையிலிருந்தே கதவுப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தேன். படியில் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்தேன். தண்ணீர் கேன்காரன் வந்தான், கீழ்வீட்டுக்காரி வந்தாள். திருப்பி அனுப்புவதற்கு எனக்கு ஒன்றும் வரவில்லை.

அதனால்தான் இந்தத் தை. பானை த்வாண்டே ஊர் மண்பானை, சந்தையில் தட்டித் தட்டிப் பார்த்து வாங்கினேன். கரும்பைத் தூக்கிக்கொண்டு வரும்போது நம் சபையின் எலிசா எதிரில் வந்துவிட்டாள்.

"ஞானம்மாக்கா, கரும்பு எதுக்கு?"

"கடிக்க."

"இந்தப் பல்ல வச்சிக்கிட்டா?"

"உன் பல்லக் கொஞ்சம் குடு, கடிச்சிட்டுத் தாறேன்."

அவள் போய்ப் போதகரிடம் சொல்லியிருப்பாள். சொல்லட்டும். அவள் மாமியார் கோயில் பாட்டுப் புத்தகத்தைத் திருடிய கதையெல்லாம் நான் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.

பக்கத்து வீட்டு சரோசாவை உனக்குத் தெரியாது, காளி கோயில் வாசலில் பூக் கட்டுகிறவள். அவளைத்தான் துணைக்குக் கூப்பிட்டேன். அரிசி முதலிலா பால் முதலிலா என்று கேட்டதற்கு, "அத்தை, நீங்க நிசமாவே தமிழச்சிதானா?" என்றாள். மொட்டை மாடியில் கிழக்கே பார்த்து அடுப்பு. கரண்ட் இல்லை, அதனால் கட்டடமே அமைதியாகக் கிடந்தது. பானை வாயில் மஞ்சள் கொத்துக் கட்டினாள். பால் ஊற்றினேன். நுரை மேலே ஏற ஆரம்பித்தது.

என் கை தானாகப் போய்க் கரியை இழுத்துவிட்டது. பால் அடங்கியது.

"அத்தை, என்ன பண்றீங்க?"

மறுபடி மூட்டினோம். மறுபடி நுரை விளிம்புக்கு வந்தது. நான் குனிந்து ஊதினேன், பால் கீழே போனது. மூன்றாவது தரம் ஒரு கை தண்ணீர் தெளித்தேன்.

"கையெடுங்க! அது பொங்கறதுக்குத்தான் வச்சிருக்கு!"

"வழிஞ்சா மொதலாளி கத்துவான்டி."

"எந்த மொதலாளி? செத்து எத்தன வருசமாச்சு!"

கடைசியில் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன். பால் ஏறியது. எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்ட அடி உனக்குக் கேட்டிருக்கும். விளிம்பைத் தாண்டிற்று, பானையின் வயிற்றில் வெள்ளையாக இறங்கிற்று, நெருப்பில் விழுந்து சீறிற்று. "சொல்லுங்க அத்தை, சொல்லுங்க!" என்று சரோசா குதிக்கிறாள். என் வாயில் வந்தது, "ஸ்தோத்திரம்!" அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "பரவால்ல, சூரியன் அதையும் வாங்கிக்கும்" என்றாள்.

புது அரிசி, பனைவெல்லம், நெய். அடி கொஞ்சம் பிடித்துவிட்டது. உன் தூக்குவாளியைப் புளி போட்டுத் துலக்கி, நிரப்பி, மேலே தடவி, நட்டநடுவில் ஒரு முந்திரி வைத்தேன். பிடியில் ஸ்பூனை வெள்ளை நூலால் கட்டினேன். நான் ஒரு வாய்கூடத் தின்னவில்லை. முதல் வாய் தங்கம் தின்ன வேண்டும் என்று இருந்தது. வாங்குவாளா? அதுவே பஸ்ஸில் போகும் வழியெல்லாம். ஒரு நிறுத்தத்தில் இறங்கித் திரும்பிவிடலாம் என்றுகூட எழுந்தேன். பின்னால் இருந்தவன் என் இடத்தில் உட்காரப் பார்த்தான், அந்தக் கோபத்தில் மறுபடி உட்கார்ந்துவிட்டேன்.

கேட்டுக்கு அவளே வந்தாள். நடை அப்படியே உன் நடை. கேட்டைத் திறக்கவில்லை.

"ஏன் வந்தீங்க, டோலே?"

"பொங்கல் கொண்டாந்தேன்."

"உங்க வீட்ல ஏது பொங்கல்?"

"நான்தான் வச்சேன்."

"நீங்களா?" என்றாள். பிறகு பர்மியத்தில், "அம்மா போனதுலேர்ந்து இந்த வீட்லயே பானை வைக்கல" என்றாள். அவளுக்கு வருத்தம் வந்தால் தமிழ் போய்விடுகிறது.

கம்பி வழியாகக் கையை நீட்டித் தூக்குவாளியை வாங்கினாள். ஸ்பூனைப் பார்த்தாள். நூலை விரலால் தொட்டாள். "அம்மா இத ஏன் கட்டுவாங்கன்னு உங்களுக்குத் தெரியும்ல?" நான் அந்த நூலைப் பார்த்தேன். "எனக்கும் தெரியும். அன்னிக்கு நான்தான படியில நின்னேன்." அப்புறம், "இங்கயே நில்லுங்க" என்று சொல்லி உள்ளே போனாள்.

நின்றேன். வெயில் ஏறியது. எதிர்வீட்டில் ஒருத்தி துணி காயப்போட்டு முடித்தாள். உட்காரவும் இடம் இல்லை, கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி மாறி நின்றேன். படியில் அந்தப் பிள்ளை இப்படித்தானே நின்றிருப்பாள்?

வந்தாள். மூடி மூடியபடியே இருந்தது. கம்பி வழியாக என் கையில் வைத்தாள். கண்ணைப் பார்க்கவில்லை.

"கொண்டு போங்க" என்றாள்.

திரும்பிப் பஸ் ஏறினேன் அக்கா. தூக்குவாளி மடியில். சூடு போய்விட்டது, கனம் போகவில்லை. போகும்போது அது இவ்வளவு கனக்கவே இல்லை. பத்து வயதில் இதை எப்படித் தூக்கிக்கொண்டு போனாள்? ஒவ்வொரு வருஷமும் திரும்பி வரும் அதை நீ எந்த முகத்தோடு வாங்கினாய்? யார் சாப்பிட்டீர்கள், யாராவது சாப்பிட்டீர்களா? எனக்குக் கோபம் கோபமாக வந்தது. யார்மேல் என்றுதான் பிடிபடவில்லை.

பஸ் ஒரு குழியில் இறங்கி ஏறியது. ஸ்பூன் ஆடி என் புறங்கையில் பட்டது. ஈரமாக இருந்தது.

மூடியைத் திறந்தேன். நடுவில் முந்திரி இல்லை. அந்த இடத்தை ஸ்பூனின் முதுகால் தடவியிருந்தது. நல்லாத்தான் தடவியிருக்கிறாள், ஆனாலும் ஒரு பக்கம் லேசாக மேடு. தெரிகிறவர்களுக்குத் தெரியும். உனக்கும் இப்படித்தான் தெரிந்ததா?

பக்கத்தில் இருந்த பெண், "பாட்டி, உடம்புக்கு ஒன்றும் இல்லையே?" என்று பர்மியத்தில் கேட்டாள். ஒன்றும் இல்லை என்று தலையாட்டிவிட்டு, அந்த ஈர ஸ்பூனாலேயே, பஸ்ஸில் அத்தனை பேர் நடுவில் உட்கார்ந்து சாப்பிட்டேன். அடிப்பிடித்த வாசனைதான். இறங்கும்வரை சாப்பிட்டேன்.

எலிசா வந்தால் என்ன சொல்வது என்று இன்னும் யோசிக்கவில்லை. மலேசியாவிலிருந்து பேரப்பிள்ளைகள் போனில், "பாட்டி, பொங்கலா வச்சீங்க?" என்று கேட்டுச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். பானையைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். ஸ்பூனைத் தனியாக, தலையணைக்குக் கீழே.

அடுத்த தைக்கும் வைப்பேன். தூக்கிக்கொண்டு போவேன். அவள் திருப்பிக் கொடுப்பாள், வாங்கிக்கொள்வேன். அதற்கு அடுத்த தைக்கும் அப்படியே. எத்தனை தரம் திருப்பினாலும் சரி, ஸ்பூன் கட்டாமல் கொண்டு போகமாட்டேன். இது உன்மேல் ஆணை. முழங்கால் இரண்டும் நிற்கிறவரைக்கும்.

மோல்மீன் விஷயத்தை மட்டும் இன்னும் மன்னிக்காத,
உன் கூடப்பிறந்தவள்,
ஞானம்மா