பச்சமுத்து வைத்த பொட்டு

அன்பு மகள் சௌமியாவுக்கு அப்பா எழுதுவது. திருச்செங்கோட்டில் நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், அந்த ஊர்க் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே மழை பரவாயில்லை, ஜேடர்பாளையத்தில் காவிரியில் தண்ணீர் நிறையப் போவதாகச் சொல்கிறார்கள், நான் போய்ப் பார்க்கவில்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, டாக்டர் சொன்ன நடையை நடப்பதில்லை, கேட்டால் அடுப்படிக்கும் வாசலுக்கும் நடப்பது கணக்கில் சேராதா என்கிறாள். இதையெல்லாம் போனிலேயே சொல்லலாம். இனி எழுதப்போவதைப் போனில் சொன்னால் நீ நடுவில் பேசிவிடுவாய், அதனால்தான் கடிதம்.

நம் லேத் பட்டறையில் நீ சொல்லி மாட்டிய சென்சார்கள் வேலை செய்கின்றன. மெஷின் ஓடும்போது அதன் உச்சியில் எரிகிற பச்சை விளக்கைப் பார்த்தபடி ஒட்டியிருக்கும் அந்தச் சின்னக் கண், ஓடிய நேரத்தையும் நின்ற நேரத்தையும் உன் போனுக்கும் என் போனுக்கும் தவறாமல் அனுப்புகிறது. போர்வெல் போடும் ரிக் வண்டிக்காரர்கள் துளையிடும் பிட் கேட்டு வந்தால் என்றைக்குத் தருவோம் என்று தைரியமாகச் சொல்ல முடிகிறது, அதில் எனக்குக் குறையில்லை. ஆயுத பூஜை முடிந்ததும் பச்சமுத்துவின் மெஷின் மட்டும் பாதி நேரம் நிற்பதாகக் காட்டியதே, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். நான் போய்ப் பார்த்தபோதெல்லாம் அது ஓடிக்கொண்டுதான் இருந்தது. என் புத்தி போன போக்கைப் பார், நான் நின்றால் ஓட்டுகிறான், நகர்ந்தால் நிறுத்துகிறான் என்று நினைத்தேன். கடைந்த சாமான் எல்லாம் ஒரே தொட்டிக்குப் போவதால் அவன் செய்ததைத் தனியாகப் பார்க்கவும் வழியில்லை. நீயும் அங்கிருந்து, ஸ்கிரீன்லயே தெரியுதேப்பா, இன்னும் என்ன யோசனை என்றாய். அத்தனை வருடம் நம்மிடம் இருந்த ஆளை, ஏன் என்று ஒரு வார்த்தை கேட்காமல், நாளையிலிருந்து வரவேண்டாம் என்றேன். சரிங்க என்று கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டான்.

அவன் இடத்தில் குமரனை நிறுத்தினேன். குமரன் ஓட்டியும் பாதி நேரம் நிற்பதாகத்தான் ஸ்கிரீன் காட்டியது. சென்சார் கம்பெனியிலிருந்து சரிதா என்ற பெண் வந்து ஏணி போட்டு ஏறிப் பார்த்துவிட்டு, கண்ணு மேல சந்தனம் காஞ்சு கெடக்குதுங்க, நடுவுல குங்குமம் வேற என்றாள். சந்தனம் வெடித்த இடுக்கில் வெளிச்சம் தெரிந்தால் ஓடியதாகவும், தெரியாவிட்டால் நின்றதாகவும் அது அனுப்பியிருக்கிறது. பூஜையன்று மற்றவர்கள் மெஷினுக்கு மட்டும் பொட்டு வைத்திருக்கிறார்கள். புதிதாக வந்த சென்சாரும் நம் பட்டறையைச் சேர்ந்ததுதான் என்று அதற்கும் வைத்தவன் பச்சமுத்து ஒருவன்தான்.

அன்றைக்கே வெண்ணந்தூரில் அவன் வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி காளியாத்தாள் என்னைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டாள். நடந்ததைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, தப்பு என்னுதுங்க, கண்ணு மேல வெச்சுப்போட்டேன், பக்கத்துல வெச்சிருக்கோணும், சௌமியா பாப்பாகிட்டயும் சொல்லிருங்க என்கிறான். வேலையை விட்டுத் துரத்தியவனிடம் அவன் மன்னிப்புக் கேட்கிறான். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது, அம்மணி. திரும்பி வா என்றேன். ஆட்டையாம்பட்டிப் பட்டறை ஒன்றில் சேர்ந்துவிட்டானாம், வாக்குக் குடுத்துட்டேனுங்க, மாத்திப் பேசக்கூடாதுங்க என்றான். அதற்குமேல் நான் வற்புறுத்தவில்லை.

சென்சாரைக் கழற்றப்போவதில்லை. இனி ஸ்கிரீனில் எது தெரிந்தாலும் மெஷின் ஓட்டுகிறவரை முதலில் கேட்பது என்று முடிவு செய்திருக்கிறேன், நீயும் அங்கே வேலை செய்யும் இடத்தில் அப்படியே செய். நேரத்துக்குச் சாப்பிடு. உனக்கும் மாப்பிள்ளைக்கும் எங்கள் ஆசி எப்போதும் உண்டு, ஒரு குறையும் இல்லாமல் இருங்கள். மறக்காமல் ஒன்று செய். பச்சமுத்து ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருப்பான், போன் செய். சென்சாரைப் பற்றி எதுவும் விளக்க வேண்டாம், மன்னிப்பு மட்டும் கேள். அவன் வாசலில் அவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தும் அந்த ஒரு வார்த்தை என் வாயில் வரவில்லை. நீ கேட்டுவிட்டாய் என்று தெரிந்தால் நானும் போய்க் கேட்பேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
குருமூர்த்தி