வெளியே போய்த் திரும்பிய ரத்தம்

நண்பா,

இன்று காலை வீட்டுக் குடிநீர் மெஷினுக்கு ஃபில்டர் மாற்ற ஆள் வந்திருந்தார். பழையதைக் கழற்றித் தொட்டியில் வைத்ததும் சேற்று வாடை அடித்தது. "எவ்ளோ அழுக்க பிடிச்சு வெச்சிருக்கு பாருங்க சார்" என்றார். அதற்கு மேல் அவர் சொன்னது எதுவும் என் காதில் விழவில்லை. உன் கழுத்தோரம் ஓடிய அந்தக் குழாய் கண்முன் வந்துவிட்டது. நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. எழுதினாலும் படிக்க மாட்டாய் என்று தெரியும். உயிரோடு இருந்தபோது மட்டும் நான் எழுதியதை எதையாவது படித்தாயா என்ன?

கொரோனா இரண்டாம் அலையில் நீ விழுந்தாய். வெறும் காய்ச்சல்தான் என்று நீயே சொல்லிக்கொண்டு, வடக்குத்து ஊரில் உன் வீட்டு மாடியில் தனியாகப் படுத்திருந்தாய். மூச்சு வாங்கத் தொடங்கியதும் புதுச்சேரியில் ஒரு மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். சில நாளில் வென்டிலேட்டர் வைத்தார்கள். அப்போதுதான் டாக்டரம்மா என்னையும் உன் மனைவி செல்வியையும் கூப்பிட்டுப் பேசினார்.

"இப்ப வைரஸ் பெரிய பிரச்சினை இல்ல. அத அடிக்கக் கிளம்பின அவரோட உடம்பே அடங்க மாட்டேங்குது. நுரையீரல் வீங்கிக்கிட்டே போகுது."

ரத்தத்தை வெளியே எடுத்து, ஒரு வடிகட்டி வழியாக ஓடவிட்டு, வீக்கத்தைக் கிளப்பும் பொருள்களை அதிலேயே ஒட்டவைத்து, மறுபடி உடம்புக்குள் அனுப்பும் சிகிச்சை ஒன்று இருக்கிறதாம். "இது காப்பாத்தும்னு சத்தியம் பண்ண மாட்டேன். செஞ்சு பார்க்கலாம்னு நினைக்கிறேன். நீங்க சம்மதிக்கணும்" என்றார்.

எனக்குச் சிலிர்த்தது. நிலக்கரிச் சுரங்கத்தின் பம்ப் செக்ஷனில் நாம் இருவரும் காலமெல்லாம் பார்த்த வேலை என்ன? சுரங்கத்தை மூழ்கடிக்கக் காத்திருப்பது மழை மட்டுமல்ல, நிலக்கரிக்கு அடியில் முட்டிக்கொண்டு நிற்கும் தண்ணீர். அதை ஓயாமல் இறைத்தால்தான் மேலே வேலை நடக்கும். மனித உடம்புக்குள்ளும் அப்படி ஒன்று முட்டும் என்பதும், அதை இறைக்கவும் வழி கண்டிருக்கிறார்கள் என்பதும் அன்றுதான் எனக்குத் தெரியும்.

செல்வி மசியவில்லை. "ரத்தத்த வெளிய எடுக்கறாங்கன்னா கிட்னி போயிடுச்சுன்னுதானேண்ணா அர்த்தம்? எங்கிட்ட மறைக்கிறீங்களா? எங்க சித்தப்பாவ இப்படித்தான் மெஷின்ல போட்டாங்க. கடைசி வரிக்கும் அது வுடவே இல்லியே" என்று அழுதாள். கிட்னி நன்றாகத்தான் இருக்கிறது என்று டாக்டரம்மா திரும்பத் திரும்பச் சொன்னார். அவள் நம்பவில்லை. உள்ளே உனக்கு நேரம் போய்க்கொண்டிருந்தது.

அந்தச் சொல் எங்கிருந்து என் வாய்க்கு வந்ததோ. "இது ரிலீவர்மா" என்றேன். "அவன் உடம்பு டபுள் டூட்டி பாத்துக்கிட்டு இருக்கு. மாத்திவிட ஆள் வந்திருக்கு. வேலைய முடிச்சதும் போயிருவாரு. நம்ம வீட்டோட தங்க மாட்டாரு."

அடுத்த ஷிஃப்ட் ரிலீவர் வந்து பொறுப்பேற்காமல் பம்பை விட்டு நகரக் கூடாது என்பது நம் செக்ஷன் வழக்கம். அவர் வராத நாள்களில் சோற்றை மூடி வைத்துக்கொண்டு உனக்காகக் காத்திருந்தவள் அவள். அந்தச் சொல்லை அவளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வந்துட்டு போயிடும்னா போடச் சொல்லுங்கண்ணா" என்று கையெழுத்துப் போட்டாள். அதற்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது. என் பேச்சை நம்பியல்லவா போட்டிருக்கிறாள்? உனக்கு ஏதாவது ஆனால் அவள் முகத்தில் எப்படி விழிப்பேன்?

பிற்பகலில் கண்ணாடி வழியாகப் பார்க்க விட்டார்கள். உன் கழுத்திலிருந்து ரத்தம் குழாயில் ஏறி, சுழலும் சின்ன பம்பைத் தாண்டி, தண்ணீர் பாட்டில் போன்ற ஓர் உருளைக்குள் நுழைந்து, மறுபக்கம் வெளிவந்து உன்னிடமே போனது. எத்தனையோ பம்பு பார்த்தவன் நான். ஒரு பம்பின் முன் கைகூப்பி நின்றது அன்றுதான். ஒருவன் கண்மூடிப் படுத்திருக்க, அவன் உயிர் வெளியே வந்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு உள்ளே போகிறது. இதைப் பார்க்க எனக்குக் கொடுத்து வைத்திருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். பயமும் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

காய்ச்சல் இறங்கியது. ஆக்சிஜன் தேவை மெல்லக் குறைந்தது. குழாய்களை எடுத்தார்கள். எது காப்பாற்றியது என்று கேட்டேன். "மருந்தா, வென்டிலேட்டரா, ஃபில்டரா, பிரிச்சுச் சொல்லத் தெரியல சார்" என்றார் டாக்டரம்மா. அவர் மேல் எனக்கு மரியாதை கூடியது.

வீடு திரும்பியதும் நீ பழைய ஆளாகிவிட்டாய். முட்டி வலித்தாலும் கரண்ட் போனாலும் எனக்கு போன் போட்டு, "நீதானே ரிலீவர வுட்டு காப்பாத்துன, இப்ப நீயே வந்து பாரு" என்று வம்பிழுப்பாய். ஒருநாள் டீக்கடையில் மட்டும் குரலைத் தாழ்த்தி, "என் ரத்தத்த பாத்தியாமே. இன்னாப்பா பண்ணிகினு இருந்துச்சு அது?" என்று கேட்டாய்.

"செவப்பா ஓடிச்சுலே" என்றேன். என் திருநெல்வேலிப் பேச்சைச் சொல்லிக்காட்டிச் சிரித்தாய். அதோடு பேச்சு வேறெங்கோ போய்விட்டது. பிறகு போன வருடம், தூக்கத்திலேயே உன் நெஞ்சு நின்றது. யாரையும் கூப்பிட நீ அவகாசம் தரவில்லை.

உன் கேள்விக்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. அதை இன்னும் சுமந்துகொண்டிருக்கிறேன். இப்போது கேட்டால் சொல்வேன்: அது எங்கேயும் நிற்கவில்லை. அத்தனை வெளிச்சம், அத்தனை மெஷின், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான். எதையும் அது திரும்பிப் பார்க்கவில்லை. வெளியே வந்த நொடியிலிருந்து உன்னிடம் திரும்பிப் போவதிலேயே குறியாக இருந்தது.