மூன்றாம் நபர் விவரம்

சிதம்பரம், 3.2.2009

மன்னிச்சுக்குங்க, இன்றும் நேரமாகிவிட்டது. கனிமொழிக்குச் சளி, இப்போதுதான் கண் அயர்ந்தாள். நீங்கள் போய் மூன்று வருஷம் ஆகப்போகிறது. இன்னும் உங்களிடம்தான் எழுதுகிறேன்.

நீங்கள் லாரி ஓட்டிய அரசு முந்திரிக் கழகத்திலிருந்து பதில் வந்தது. வாரிசு வேலைக்கு நான் கொடுத்த மனு என்ன ஆனது, கோப்பின் நகல் கொடுங்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டிருந்தேன். "மூன்றாம் நபர் விவரம் உள்ளதால் தர இயலாது." செத்தது நீங்கள். கேட்டது நான். நடுவில் யார்?

11.2.2009

உங்கள் தம்பி அறிவழகன் போனில். "உடுங்க அண்ணி. ஆபீஸ்ல நான்தான் இருக்கேனே, பாத்துக்கறேன். ஜாஸ்தி கிளறாதீங்க." அதே கழகத்தில் அவன் கிளார்க் ஆகி இரண்டு வருஷம். எம்ப்ளாய்மெண்ட்டில் பதிந்து கிடைத்ததாம். பாசக்காரன்தான் – கனிமொழியின் போன பிறந்தநாளுக்குக் கேக் வாங்கி வந்து பிள்ளைக்கு ஊட்டினான்.

13.3.2009

முதல் மேல்முறையீடு தள்ளுபடி. அதை யாரிடம் போட வேண்டும் தெரியுமா? மறுத்த அதிகாரிக்கு அடுத்த அறையில் இருப்பவரிடம். தூ.

இனி சென்னை தகவல் ஆணையம்தான்.

22.7.2009

மேல்முறையீடுகளைக் கேட்க ஆணையம் கடலூர் கலெக்டர் ஆபீசுக்கே வந்தது. கழக மேனேஜர் சடையப்பன் என்னைப் பார்த்து இளிக்கிறார். "ஏம்மா, எம்.ஏ. படிச்ச பொண்ணு, வேற வேல கெடைக்கலியா?" அருவருப்பாக இருந்தது.

ஆணையர் சொன்னார், "வேல குடுக்கறது எங்க அதிகாரத்துல இல்லம்மா. பேப்பரக் காட்டச் சொல்லலாம், அவ்வளவுதான்."

அவ்வளவுதானா? இத்தனை மாதம் அலைந்தது வெறும் காகிதத்துக்கா?

அவர் சடையப்பனிடம் திரும்பினார். "இவங்க வீட்டுக்காரர் கோப்புல, இவங்களுக்குக் காட்டக் கூடாத அந்த மூணாவது ஆள் யாருங்க?"

பதினைந்து நாளில் தர உத்தரவு.

7.8.2009

ஒன்பது பக்கம். ஏழாவதில்: "எனக்கு வேலை வேண்டாம். என் கணவரின் தம்பி அறிவழகனுக்குத் தரச் சம்மதம்." கீழே என் கையெழுத்து. நான் நேரில் வந்து கொடுத்தேனாம், 19.6.2006 அன்று.

என்னங்க, அன்னைக்குத்தான கனிமொழி பொறந்தா! நான் பிரசவ வார்டுல கெடந்தேன்!

கையெழுத்து நான் போட்டதுதான். உங்கள் கருமாதி அன்று, பந்தி நடக்கும்போது, வாரிசு சர்டிபிகேட்டுக்கு என்று மூன்று வெள்ளைத்தாளை உங்கள் தம்பி நீட்டினான். பேனா எழுதவில்லை என்று தன் உள்ளங்கையில் கிறுக்கிப் பார்த்துவிட்டுக் கொடுத்தான். கருமாதி வீட்டில் யார் என்ன ஏது என்று கேட்கிறார்கள்? நீட்டினால் போடுகிறோம். எம்.ஏ. படித்தவளும் போட்டேன்.

அந்தக் கையாலதான் எம்புள்ளைக்கு ஊட்டுனான்.

8.8.2009

ஏழாம் பக்கத்தையும் ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சீட்டையும் ஜெராக்ஸ் எடுத்து, மனுவோடு கழகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். உங்கள் தம்பிக்குத் தனியாக ஒரு கார்டு. கவர் இல்லை, கார்டு. வீட்டுக்கு இல்லை, ஆபீஸ் விலாசத்துக்கு. என்ன எழுதினேன் என்று உங்களுக்கும் தெரியட்டும்:

"தம்பி அறிவழகனுக்கு, ஏழாம் பக்கத்தைப் பார்த்தேன். கீழே இருக்கும் கையெழுத்து என்னுடையது. மேலே எழுதியது யார்? சீக்கிரம் பதில் போடவும். அண்ணி எழிலரசி."