படிவத்தின் பின்பக்கம்

அன்புள்ள சின்னவளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் சௌக்கியமாக இருக்கிறோம், அவருடைய முழங்கால் வலியும் என்னுடைய கோபமும் மட்டும் இன்னும் இறங்கவில்லை. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும், போன வாரம் இருமிக்கொண்டே பேசினாயே, அது விட்டதா? ஞாயிற்றுக்கிழமை போனில் "ஒரு கையெழுத்துதானேம்மா, போட்டுட்டு நிம்மதியா இரேன்" என்றாய், நான் வாயைத் திறப்பதற்குள் மீட்டிங் என்று வைத்துவிட்டாய். கடிதத்தை நடுவில் துண்டிக்க முடியாது, அதனால்தான் எழுதுகிறேன், முழுவதும் படி.

உனக்குப் பாதிக் கதைதான் தெரியும். கொரோனாவில் பல்கலைக்கழகம் மூடிக் கிடந்த வருடம் எங்கள் வேதியியல் லேபில் செய்முறைப் பாடங்களைப் படம் பிடித்தார்கள். கேமராவைக் கண்டதும் பேராசிரியர்களுக்கெல்லாம் கை உதறியது, கடைசியில் "ஆசிட் அக்காவையே செய்யச் சொல்லுங்க" என்று என்னை நிறுத்தினார்கள். பீக்கர் கழுவ வந்து, கழுவிக்கொண்டே பாடம் கற்றவள் நான், எனக்கென்ன நடுக்கம்? முகம் வேண்டாம், கை போதும் என்றார்கள், சரி என்றேன். ஆசிட்டையும் தண்ணீரையும் கலக்கும் பாடத்தில் முதலில் தவறான முறையைக் காட்டினேன். இரண்டு பீக்கரிலும் வெறும் தண்ணீர்தான், ஒன்றில் மட்டும் ஆசிட் என்று சீட்டு ஒட்டியிருந்தேன். அதில் தண்ணீரை ஊற்றி, இப்படி ஒருநாளும் செய்யாதீர்கள், கொதித்து முகத்தில் தெறிக்கும் என்று சொன்னேன். பிறகு தண்ணீரில் ஆசிட்டைச் சிறிது சிறிதாக விடும் சரியான முறையைச் செய்து காட்டினேன். பல்கலைக்கழகம் அந்த வீடியோக்களை ஒரு ஆன்லைன் பாடக் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டது. கம்பெனிக்காரர்கள் நீளம் அதிகம் என்று என் பேச்சை வெட்டி, ஏதோ ஒரு இசையைப் போட்டு, தவறான முறையை மட்டும் மிச்சம் வைத்திருக்கிறார்கள். எதிர்வீட்டுப் பெண் போனில் வைத்துப் படித்துக்கொண்டிருந்தபோதுதான் பார்த்தேன்.

கம்பெனிக்கு எழுதினேன், துறையிலிருந்து கேட்டால்தான் மாற்றுவோம் என்று பதில். துறைத்தலைவரிடம் போனால் "வீடியோ இப்ப அவங்க சொத்துக்கா, நான் என்ன பண்ண முடியும்" என்கிறார். சரி, நானே செய்கிறேன் என்று அப்பாவைப் போனைப் பிடிக்கச் சொல்லி, அவர்கள் வீடியோவில் ஒரு துண்டைக் காட்டி, இது தவறு, இதுதான் சரி என்று பேசி நெட்டில் போட்டேன். ஒரு மணி நேரத்தில் அதை நீக்கிவிட்டார்கள், காப்பிரைட் மீறலாம். என் கையை நானே திருடிவிட்டேனாம்! அப்பா சிரித்த சிரிப்பு இருக்கிறதே, "இத்தனை வருஷம் அந்தக் கையால போட்ட காப்பிக்கும் உரிமை கேட்டு வருவானா, விசாரிச்சு வை" என்கிறார். பிறகுதான் கம்பெனியிலிருந்து அந்தப் படிவம் வந்தது, கையெழுத்துப் போட்டால் திருத்துவார்களாம். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மூன்று முறை படித்தேன். என் கையும் குரலும் வருகிற படமெல்லாம் என்றைக்கும் அவர்களுடையது, எப்படி வேண்டுமானாலும் வெட்டலாம், நான் இதே பாடத்தை வேறு எங்கும் படமெடுத்துக் காட்டக் கூடாது. வெட்டியதால் வந்த வினை இது, அந்த வெட்டுகிற உரிமையையே எழுதிக் கொடு என்கிறார்கள். நீயானால் ஒரு கையெழுத்துதானே என்கிறாய்.

இப்போது நான் உன்னிடம் போனில் சொல்லாததைச் சொல்கிறேன். ரிட்டயரான பிறகும் ஆன்லைன் மாணவர்கள் செய்முறைக்கு வருகிற நாட்களில் என்னைக் கூப்பிடுகிறார்கள் அல்லவா, போன புதன்கிழமையும் போயிருந்தேன். கைக்குழந்தையைத் தாயிடம் விட்டுவிட்டுப் படிக்க வந்த ஒரு பெண், நிஜ ஆசிட் பீக்கரின் மேல் தண்ணீரைச் சாய்க்கிறாள். நாலு மேசை தள்ளி நின்றவள் எப்படி ஓடினேன் என்று தெரியவில்லை, மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன். "வீடியோல இப்படித்தானே மேடம் ஊத்துறாங்க" என்று அவள் விழித்தாள், பிறகு அவள் கண் என் கட்டைவிரல் தழும்பில் நின்றது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், சொல்லித் தர ஆளில்லாமல், இதே தவறைச் செய்து வாங்கிய தழும்பு அது. "அது உங்க கையா மேடம்? அந்தக் கைய நம்பித்தானே ஊத்தப் போனேன்" என்றாள். அவள் கையிலிருந்த தண்ணீரை வாங்கிக் கீழே வைத்து, சரியான முறையை முதலிலிருந்து செய்து காட்டினேன்.

நேற்றுச் சாயங்காலம் துறைத்தலைவர் என்னை வரச்சொல்லி, படிவத்தையும் பேனாவையும் மேசையில் வைத்து "போடலேன்னா இனிமே உங்களைக் கூப்பிட முடியாதுக்கா, பிடிவாதம் பண்ணாதீங்க" என்றார். பேனாவை எடுத்தேன். படிவத்தைத் திருப்பிப் பின்பக்கத்தில், வீடியோவில் இருப்பது தவறு, தண்ணீரில்தான் ஆசிட்டை விட வேண்டும், ஆசிட்டில் தண்ணீரை ஊற்றக் கூடாது, இது தெரிந்தும் திருத்த மறுத்தார்கள் என்று எழுதி, தேதி போட்டு, அதன் கீழே கையெழுத்துப் போட்டேன். முன்பக்கம் வெறுமையாகவே இருக்கிறது. நீ போடச் சொன்ன கையெழுத்தைப் போட்டாயிற்று, போதுமா? அவர் அதைப் படித்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் எடுத்துக்கொண்டு போனார். கிழிக்கவில்லை, அதுவரை சந்தோஷம்.

வீடியோ இன்னும் அப்படியேதான் இருக்கிறது. அடுத்த செய்முறை நாளுக்கு என்னைக் கூப்பிட மாட்டார்கள், நான் போவேன். லேபுக்குள் விடாவிட்டால் வராந்தா இருக்கிறது, அதை யாரும் எழுதி வாங்கவில்லை. உள்ளே போகிற ஒவ்வொருவரிடமும் கையைக் காட்டிச் சொல்வேன். அப்பா மடக்கு நாற்காலியைத் தூசி தட்டி வைத்துவிட்டார்.

நீங்கள் இருவரும் நோய்நொடியில்லாமல் நீடூழி வாழ வேண்டும். இருமலுக்கு டாக்டரைப் பார். எதையும் படிக்காமல் ஒப்புக்கொள்கிறேன் என்று அழுத்தாதே. அந்த வீடியோவின் கீழே இது தவறு என்று என் பெயரைப் போட்டு எழுது, அழித்தால் மறுபடி எழுது.

இப்படிக்கு,
தன் கையைத் தானே வைத்திருக்கும்
அம்மா