அழாதவர்களின் பெயர்கள்

ஜூன் 9, திங்கள்

விடியும்போதே புழுக்கம். ஆறரைக்குப் போன கரண்ட் ஏழேகாலுக்குத்தான் வந்தது. ஜோவுக்கு இரண்டு இட்லி, டப்பாவில் இரண்டு. எனக்கு ஒன்று, நின்றபடியே.

இன்று என் பையன் ஜோயலுக்கு எல்.கே.ஜி. முதல் நாள். நான் கூடப் போகவில்லை. என் பள்ளியிலும் இன்றுதான் எல்.கே.ஜி. திறப்பு, ஒன்பது வருடமாக அந்த வகுப்பு என்னுடையது. ஹெச்.எம்மிடம் போன வாரமே ஒரு மணி நேரம் பர்மிஷன் கேட்டேன். "முதல் நாள் நீங்களே இல்லன்னா பேரன்ட்ஸுக்கு நான் என்ன பதில் சொல்றது மிஸ்?" நியாயம்தான். என்னுடையது பெண்கள் பள்ளி, அவனை அங்கே சேர்க்கவும் வழியில்லை.

அவன் அப்பா அருள், ஆஸ்பத்திரி லேபில் நைட் ஷிஃப்ட் முடித்து ஏழரைக்கு வந்தார். குளித்துவிட்டு அவனை ஆர்.ஏ. புரத்தில் அவன் பள்ளியில் விட்டார். பிறகு தூக்கம். பன்னிரண்டரைக்கு மறுபடி போய்க் கூட்டிவர வேண்டும். பாவம்.

என் வகுப்பில் முப்பத்திரண்டு பேர். அழுதவர்கள் பத்தொன்பது. சேலையில் சளி, ஒரு பால் வாந்தி. அஃப்ரீன் என்று ஒரு குழந்தை முந்தானையைப் பிடித்தவள் பதினோரு மணி வரை விடவில்லை. அவள் அம்மா கேட்டுக்கு வெளியே, பெருநாள் மருதாணி மங்காத கையால் கம்பியைப் பிடித்தபடி. ஆயா ராணியம்மா இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று: "இன்னாத்துக்கு அழுவுற கண்ணு? தோ, உங்கம்மா பால் வாங்கினு வந்துகினே கீது."

இன்டர்வெலில் போனைப் பார்த்தேன். அருளின் மெசேஜ்: "அழவே இல்ல. சூப்பர்."

சந்தோஷம். அதற்கு அடியில் இன்னொன்றும். மூன்றரை வருடம் மடியை விட்டு இறங்காதவன். ஒரு சொட்டுக் கண்ணீர் கூடவா இல்லை?

ஜூன் 10, செவ்வாய்

அயர்ன் - யூனிபார்ம் 2. வாங்க - தண்ணீர் பாட்டில் (மூடி உடைந்தது), டெட்டால், ஸ்டார் ஸ்டிக்கர்.

ஜோ இன்றும் அழவில்லையாம். அவன் மிஸ் டைரியில் 'குட் பாய்' எழுதி ஒரு ஸ்டார் ஒட்டியிருக்கிறாள். சாயங்காலம் கேட்டேன்.

"ஸ்கூல்ல என்ன பண்ணே?"

"உக்காந்தேன்."

"அப்புறம்?"

"உக்காந்துட்டே இருந்தேன்."

நானும் அருளும் சிரித்துவிட்டோம். அவன் சிரிக்கவில்லை.

தொண்டை கட்டிவிட்டது. உப்புத் தண்ணீர்.

ஜூன் 11, புதன்

கால் வலி. ராத்திரிக்குத் தோசை மாவு போதும். எழுத ஒன்றுமில்லை.

அஃப்ரீனின் அம்மா மட்டும். இன்றும் கேட்டில். "டீச்சர், உங்களுக்குப் பசங்க இருக்காங்களா?"

"ஒரு பையன். அவனும் இந்த வருஷம்தான் எல்.கே.ஜி."

"அழறானா?"

"இல்லங்க."

"குடுத்து வெச்சவங்க நீங்க."

ஜூன் 12, வியாழன்

ஜோவைக் குளிப்பாட்டும்போது பார்த்தேன். இரண்டு தோளிலும் சிவப்புக் கோடு. அக்குள் பக்கம் தோல் லேசாக உரிந்திருக்கிறது. சோப்புப் பட்டதும் பல்லைக் கடித்தான், கத்தவில்லை.

"யாருடா அடிச்சா?"

"யாரும் இல்ல."

"மிஸ்ஸா?"

தலையை ஆட்டினான். இல்லை என்றுதான்.

அருள் ஷிஃப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். "யூனிபார்ம் தையல் உரசியிருக்கும் ஸ்டெல்லா."

"தையல் இப்படியா உரசும்?"

ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டார். தேங்காய் எண்ணெய் தடவினேன். நாளை அவன் பள்ளிக்கு. ஹெச்.எம்மிடம் கேட்கப் போவதில்லை, சொல்லப் போகிறேன்.

ஜூன் 13, வெள்ளி

அந்தோணியார் திருநாள். கோவிலுக்குப் போகவில்லை.

பத்து மணிக்கு ஹெச்.எம். முகத்தைப் பார்க்காமல் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். ராணியம்மாதான், "நீ போ மிஸ். நான் இங்க கீறேன்ல" என்றாள். ஆட்டோவில் போகும்போதே திட்ட வேண்டியதையெல்லாம் மனசில் வரிசைப்படுத்தினேன்.

வாட்ச்மேன் விடமாட்டேன் என்றார். நானும் டீச்சர்தான் என்றதும் விட்டார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மூன்று பிள்ளைகள் அழுதுகொண்டிருந்தார்கள். அவன் மிஸ் சின்னப் பெண், இருபத்திரண்டு இருக்கலாம், ஒருத்தியின் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஜோ கடைசி வரிசையில். முதுகில் ஸ்கூல் பை. பை இடத்தை அடைத்துக்கொண்டதால் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தான். கண் கதவின் மேல்.

மிஸ் வெளியே வந்தாள். "முதல் நாள்லேர்ந்தே பையைக் கழட்ட மாட்டேங்கறான் மேம். தொட்டா இறுக்கிப் பிடிச்சுக்கறான். மத்தபடி ரொம்ப சமத்து, ஒரு தொந்தரவும் இல்ல. அதான் விட்டுட்டேன்."

அவள் கண்ணுக்குக் கீழே கருப்பு. சேலைத் தோளில் யாரோ ஒரு குழந்தையின் சளி, காய்ந்து. திட்ட வாய் வரவில்லை.

என்னைப் பார்த்ததும் ஜோ எழுந்து நேராக வந்தான். "போலாம்."

மண்டியிட்டேன். "ஏன் ராஜா பையைக் கழட்டல?"

"மம்மி இப்ப வந்துருவாங்கன்னு டாடி சொன்னாரு. நான் ரெடியா இருந்தேன்."

ஐந்து நாள். தினமும் மூன்றே முக்கால் மணி நேரம்.

அரை நாள் லீவு சொல்லிவிட்டு அவனை வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டேன். அருளை எழுப்பினேன்.

"மம்மி இப்ப வந்துருவான்னு சொன்னீங்களா?"

கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். "தினமும் சொன்னேன். அவன் அழுதா என்னால விட்டுட்டு வர முடியாது. ராத்திரி பூரா நின்னுட்டு வரேன். உனக்கு அழற பசங்க பழக்கம். எனக்கு இல்ல."

சண்டை போடத் தெம்பில்லை. அவருக்கும் இல்லை. ஜோவின் சட்டையைக் கழற்றித் தோளைப் பார்த்தவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ராணியம்மா பிள்ளைகளிடம் சொல்வதும் அதேதான், அம்மா வந்துகொண்டே இருக்கிறாள் என்று. ஒன்பது வருடமாக எத்தனை பிள்ளைகளிடம் நானும் சொல்லியிருக்கிறேன்.

ஜூன் 14, சனி

துணி இரண்டு வாளி. மிக்ஸி ரிப்பேர்.

மத்தியானம் சும்மா ஒரு தாளை எடுத்து என் வகுப்புப் பிள்ளைகளின் பெயரை எழுதிப் பார்த்தேன். அழுதவர்கள் பத்தொன்பது பேரும் கடகடவென்று வந்தார்கள். அஃப்ரீன், தன்யஸ்ரீ, ஜெனிஃபர், கடித்து வைக்கும் நிகிதா. அழாதவர்கள் பதிமூன்று பேர். நான்கு பெயர்தான் வந்தது. மற்ற ஒன்பது பேருக்கு முகம்கூடச் சரியாக வரவில்லை. அவர்களும் எதற்காவது ரெடியாக உட்கார்ந்திருக்கிறார்களோ என்னவோ.

தாளை மடித்து ஹேண்ட்பேக்கில் வைத்தேன். அந்த ஒன்பது பேரின் பக்கத்தில் போய் உட்கார வேண்டும்.

ஜூன் 15, ஞாயிறு

காலைப் பூசை. பிரசங்கத்தில் தூங்கிவிட்டேன். அருள் முழங்கையால் இடித்தார், பிறகு அவரும் தூங்கிவிட்டார்.

சாயங்காலம் மூன்று பேரும் பீச்சுக்கு. இரண்டு நாளாக எப்படிச் சொல்வது என்று யோசித்ததைச் சொன்னேன்.

"நாளைக்கு மம்மிதான் உன்னைக் கொண்டுபோய் விடுவேன். விட்டுட்டு என் ஸ்கூலுக்குப் போயிடுவேன். மணி அடிச்சதும் டாடி வருவாரு."

"நடுவுல நீ?"

"வர மாட்டேன்."

"கொஞ்சம் கூட?"

"கொஞ்சம் கூட."

மணலைக் காலால் தள்ளிக்கொண்டே இருந்தான். அப்புறம் சுண்டல் கேட்டான். அருள் வாங்கப் போனார். போனவர் திரும்பி வர ரொம்ப நேரம் ஆனது. கண்ணைக் கழுவிக்கொண்டு வந்த மாதிரி இருந்தது.

ஜூன் 16, திங்கள்

பஸ்ஸில். எழுத்து ஆடுகிறது. காலையில் இரண்டு தூறல், அதோடு சரி.

ஹெச்.எம். அரை மணி நேரம் கொடுத்தார். இதுவே கடைசி என்றும் சொன்னார்.

கேட்டில் ஜோவிடம் மறுபடி ஒரு தடவை சொன்னேன். நடுவில் வரமாட்டேன். அவன் என் முகத்தையே பார்த்தான். உதடு கோணியது. அப்புறம் அழுதான். அப்படியே தரையில் உட்கார்ந்து, காலை உதைத்து, மூச்சு நின்று போகிற மாதிரி. நான் அணைக்கப் போனபோது என் கழுத்தைக் கட்டிக்கொண்டான். விரல் ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது. நான்தான் பிரித்தேன். மிஸ் அவனைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினாள். ஒரு ஷூ என் கையில். வாட்ச்மேனிடம் கொடுத்தேன்.

"போங்கம்மா. நீங்க நின்னுகினு இருந்தா அடங்காது."

போகவில்லை. காம்பவுண்டு சுவர் ஓரமாக நின்றேன். உள்ளே நான்கைந்து அழுகைகள். அவனுடையது எது என்று தெரிந்தது. மம்மி, மம்மி என்று, ஊருக்கே கேட்கிற மாதிரி. கேட்டுப் பக்கம் இரண்டு எட்டு வைத்துத் திரும்பினேன். கூடவே, இதை எப்படி எழுதுவது, ஒரு வாரமாக மார்பில் அடைத்திருந்த ஏதோ இறங்கியது. என் பிள்ளை என்னைக் கேட்டு அழுகிறான்.

8.55. நிற்கவில்லை.

9.02. நிற்கவில்லை. குரல் மட்டும் கம்மியிருந்தது.

9.06க்குப் பஸ் வந்தது. ஏறிவிட்டேன்.